மிக்ஸ்சர் கேபிளின் உறை எக்ஸாஸ்ட் சூட்டில் இளகுகிறது. ஃபயர்ஸ்லீவ் போட்டால் போதுமா?

டாலஸ்_ஆர்வி9ஏ எழுதியது:

வணக்கம். டாலஸுக்கு வடக்கே ஒரு சின்ன ஏர்போர்ட்டில் வாடகை ஹாங்கரில் என் ஆர்வி-9ஏ, கிட்டாக வாங்கிக் கட்டும் சின்ன விமானம், நிற்கிறது. நானே கட்டியது. லைகமிங் ஓ-320 இன்ஜின், கார்பரேட்டர், ஃபிக்ஸட் பிட்ச் புரொப்பெல்லர். இன்னும் ஃபேஸ் 1 சோதனைப் பறப்புகள் முடியவில்லை, அதனால் பயணி யாரையும் ஏற்றக் கூடாது. அது முடிந்ததும் முதலில் ஏறப்போவது என் மனைவி. அதற்குள் இந்த விஷயத்தைத் தீர்த்துவிட வேண்டும்.

ஆயில் மாற்றுவதற்காகக் கீழ்க் கௌலிங்கை (இன்ஜின் மூடியை) கழற்றினேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவையைச் சரிசெய்வது) கேபிளின் கறுப்பு உறை ஓரிடத்தில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்குப் பளபளவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் மங்கலான கறுப்பு, அங்கே மட்டும் பழுப்பு ஏறிய மினுமினுப்பு. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது, திரும்ப எழவில்லை. அதற்கு நேர் கீழே எக்ஸாஸ்டின் குறுக்குப் பைப் போகிறது. இன்ஜின் ஆறிய நிலையில் ஸ்கேல் வைத்து அளந்தேன்: இடைவெளி 28 மி.மீ. பக்கத்தில் போகும் த்ராட்டில் (பவரைக் கூட்டிக் குறைப்பது) கேபிளுக்கு 45 மி.மீ. அதன் உறையில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

இந்த எக்ஸாஸ்ட் கிட்டோடு வந்ததல்ல. கட்டுவதைப் பாதியில் நிறுத்திய ஒருவரிடம் இன்ஜினோடு சேர்த்து வாங்கியது. மற்ற ஆர்விகளின் படங்களோடு ஒப்பிட்டால் இதன் குறுக்குப் பைப் கொஞ்சம் மேலே ஏறி வளைந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெயில் நாளில் இறங்கி, எரிபொருள் நிரப்பிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது மிக்ஸ்சர் குமிழ் இறுக்கமாக வருகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் அந்த இறுக்கம் இல்லை.

ஃபயர்ஸ்லீவ் (தீயைத் தாங்கும் உறை) போட்டு மூடினால் சரியாகுமா, பைப்பின் மேல் ஷீல்டு வைக்க வேண்டுமா, கேபிளையே மாற்ற வேண்டுமா? இன்ஜின் பக்கம் பழக்கமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்_ஆர்வி7 எழுதியது:

நான் மிக்ஸ்சர், த்ராட்டில், கார்ப் ஹீட் (கார்பரேட்டருக்குச் சூடான காற்று விடுவது) மூன்று கேபிளுக்கும் சிவப்பு ஃபயர்ஸ்லீவ் போட்டிருக்கிறேன், ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் காக்பிட்டுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) இருந்து கார்பரேட்டர் வரை. கண்ணாடி இழைப் பின்னலின் மேல் சிலிக்கோன் ரப்பர் பூசிய சாமான், தொடர்ந்து 260 டிகிரி செல்சியஸ் தாங்கும் என்று அட்டவணையில் இருக்கிறது. ஒரு மாலை வேலைதான். போட்டுவிட்டு நிம்மதியாகப் பறங்கள்.

புல்லட்_பிரியன் எழுதியது:

பைப்பைச் சுற்றி எக்ஸாஸ்ட் ராப் (சூட்டை அடைக்கும் துணிப் பட்டை) கட்டிவிடுங்களேன். என் மோட்டார் சைக்கிளில் கட்டியிருக்கிறேன், காலில் சூடே தெரிவதில்லை. கேபிளை ஏன் மூட வேண்டும், சூடு வெளியே வராமல் பைப்பிலேயே அடைத்துவிட்டால் போச்சு.

ரெஞ்ச்_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, முதல் விஷயம்: அந்தக் கேபிளோடு இனிப் பறக்காதீர்கள். கேபிள் மாறிய பிறகுதான் மற்றதெல்லாம்.

சிறிய விமானங்களின் இன்ஜின் வேலை பார்த்தே எனக்கு வயசாகிவிட்டது. ஏ அண்ட் பி (விமான மெக்கானிக்) லைசென்ஸ் கையில் இருக்கிறது. கௌலிங்கைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது எக்ஸாஸ்டையும் அதன் பக்கத்தில் என்னவெல்லாம் போகிறது என்பதையும்தான். உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மேலே வந்த இரண்டு யோசனையையும் அப்படியே எடுத்துக்கொண்டால் கேடு மறைந்துபோகும், தீராது.

கேபிளுக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் தள்ளவும் இழுக்கவும் ஒரு கம்பி. அதைச் சுற்றி வழுக்கலான பிளாஸ்டிக் லைனர். அதற்கு மேல் சுருளாகச் சுற்றிய எஃகுக் கம்பிகள், இவைதான் கேபிளுக்கு முதுகெலும்பு. எல்லாவற்றுக்கும் வெளியே நீங்கள் பார்த்த கறுப்பு உறை. வெளி உறை இளகினாலும் கேபிள் அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் அது இளகும் அளவுக்குச் சூடு ஏறியிருந்தால், அதே சூடு எஃகுச் சுருள் வழியாக லைனருக்கும் போயிருக்கும். லைனர் பாலிஎத்திலீனாக இருந்தால் 130 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் உருகிவிடும். நைலான் என்றால் 200-க்கு மேல் தாங்கும், ஆனால் அதற்கு வெகு முன்பே மெத்தென்று ஆகிவிடும். டெஃப்ளான் என்றால் 260 வரை கவலையில்லை. உங்களுடையது எது என்று தெரியாதவரை மோசமானதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சூடாக இருக்கும்போது குமிழ் இறுகுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். லைனர் வீங்கிக் கம்பியைப் பிடிப்பதற்கான அறிகுறி அது. இளகிய லைனர் ஆறும்போது கம்பியோடு ஒட்டிக்கொண்டால் மிக்ஸ்சர் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். உயரத்தில் லீனாக (எரிபொருள் குறைவாக) வைத்துவிட்டு இறங்கும்போது ரிச் (எரிபொருள் அதிகம்) பண்ண முடியாமல் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது சூட்டைப் பற்றி. ஓ-320-இல் எக்ஸாஸ்ட் வாயு 700 முதல் 800 டிகிரி வரை போகும். பைப்பின் வெளிப்புறம் அதைவிடக் குறைவு; 550 என்று வைத்துக்கொள்வோம். பழுப்பேறிய ஸ்டெயின்லெஸ் பைப் அந்தச் சூட்டில் சதுர மீட்டருக்கு 20 கிலோவாட் அளவுக்குக் கதிர்வீச்சு விடும். உச்சி வெயில் சுமார் 1 கிலோவாட்தான். உங்கள் கேபிளைச் சுடுவது பெரும்பாலும் இந்தக் கதிர்வீச்சு. கௌலிங்குக்குள் ஓடும் காற்று அவ்வளவு பெரிய எதிரி இல்லை, ஓடுகிறவரை அது கேபிளைக் குளிர்விக்கவே பார்க்கும்.

கதிர்வீச்சில் நமக்கு வசதியான ஒரு குணம் உண்டு. நீளமான பைப்பிலிருந்து விலக விலக அது குறையும். உங்கள் பைப் 44 மி.மீ. விட்டம் என்றால், 25 மி.மீ. தள்ளியிருக்கும் கேபிளை 75 மி.மீ. தூரத்துக்குக் கொண்டுபோனாலே அதன் மேல் விழும் கதிர்வீச்சு ஏறத்தாழப் பாதியாகிவிடும். காசு செலவில்லை, எடை கூடவில்லை. அதனால்தான் கேபிளை நகர்த்த முடியுமா என்று முதலில் பாருங்கள் என்கிறேன். ஃபயர்வாலில் துளை எங்கே இருக்கிறது, கார்பரேட்டர் லீவர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து எவ்வளவு நகரும் என்று தெரியும். வளைவு மட்டும் கேபிள் தயாரித்தவர் கொடுத்த ஆரத்துக்குக் கீழே போகக் கூடாது. சூட்டைத் தவிர்க்கக் கேபிளை ஒடித்து வளைத்தால் இறுக்கம் வேறு வழியில் வரும்.

ஃபயர்ஸ்லீவ் பற்றி. ஹூஸ்டன் தம்பி சொன்ன 260 டிகிரி சரிதான். ஆனால் அந்தச் சாமான் எதற்காக உண்டானது? எரிபொருள், ஆயில் ஹோஸ்கள் நெருப்பில் சில நிமிடம் தாக்குப்பிடிக்க. தீ எதிர்ப்புச் சோதனை என்பது 1093 டிகிரிச் சுவாலையில் 5 நிமிடம். ஹோஸுக்குள் திரவம் ஓடிக்கொண்டே சூட்டை எடுத்துப் போகும். கேபிளுக்குள் எதுவும் ஓடவில்லை. தோசைக்கல்லின் கைப்பிடியைத் துணியால் பிடித்தால் முதலில் சுடாது, பிடித்துக்கொண்டே நின்றால் சூடு கைக்கு வந்துவிடும். ஸ்லீவும் அப்படித்தான், சூடு வந்து சேர நேரம் எடுக்கும், வராமல் இருக்காது. இரண்டு மணி நேரம் பறந்தால் ஸ்லீவின் மேற்பரப்பு சராசரியாக எவ்வளவு சூடோ உள்ளே கேபிளும் கிட்டத்தட்ட அதே சூடு. அதற்கு மேல், ஸ்லீவுக்குள் கேபிள் உறை எப்படி இருக்கிறது என்று உங்களால் பார்க்கவும் முடியாது. ஸ்லீவ் போட்ட கேபிளை ஆய்வு செய்யும்போது நான் ஸ்லீவின் நிறத்தைத்தான் பார்ப்பேன். ஆரஞ்சுச் சிவப்பாக, விரலால் கிள்ளினால் வளைந்துகொடுத்தால் நல்லது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் வெளுத்து, சுண்ணாம்பு மாதிரிப் பொடி உதிர்ந்தால் சிலிக்கோன் எரிந்துகொண்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஸ்லீவைக் கழற்றாமல் விடமாட்டேன்.

அதற்காக ஸ்லீவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையாகவே தீப்பிடித்தால் மிக்ஸ்சரை கட் ஆஃப் (எரிபொருள் நிற்கும் நிலை) வரை இழுக்கும் சில நிமிடம் கேபிள் உங்களுக்கு வேண்டும். அதற்கு ஸ்லீவ் நல்ல துணை. நகர்த்தி, ஷீல்டு போட்டு, சூட்டை அளந்து பார்த்த பிறகு கடைசியாகப் போடுங்கள். முனைகளை அதற்கான சிலிக்கோனால் அடைத்துக் கிளாம்ப் போடுங்கள். திறந்து விட்டால் கண்ணாடி இழை ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், தீ என்று வந்தால் அதுவே திரி.

புல்லட் தம்பி, மோட்டார் சைக்கிளில் அது நடக்கும். விமானத்தில் வேண்டாம். ராப் கட்டினால் சூடு பைப்பின் உலோகத்திலேயே தங்கும், உலோகம் கிட்டத்தட்ட வாயுவின் சூட்டுக்கே போய்விடும். நம் பைப்புகள் 1 மி.மீ. கூடத் தடிமன் இல்லாதவை. செதில் செதிலாக உரிந்து, வெல்டு ஓரத்தில் விரிசல் விடும். அந்த விரிசலை ராப் மறைத்துவிடும். கௌலிங்குக்குள் எக்ஸாஸ்ட் கசிந்தால் ஊதுகுழல் மாதிரி ஒரே இடத்தைச் சுடும், கேபின் ஹீட்டர் வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளேயும் வரும். ஒவ்வொரு வருஷக் கண்டிஷன் இன்ஸ்பெக்ஷனிலும் எக்ஸாஸ்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதை மூடுகிற எதையும் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

28 மி.மீ. பற்றி இன்னொரு சொல். அது ஆறிய, அசையாத நிலையில் அளந்த இடைவெளி. 600 மி.மீ. நீள ஸ்டெயின்லெஸ் பைப் 600 டிகிரி சூடேறினால் 6 மி.மீ. வரை நீளும். அது எந்தப் பக்கம் நீள்கிறது என்று யோசித்தீர்களா? அப்புறம், எக்ஸாஸ்ட் தொங்குவது இன்ஜினில். உங்கள் கேபிளை மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் சட்டம்) குழாயில் கிளாம்ப் பண்ணியிருந்தால், ஸ்டார்ட்டிலும் ஷட்டௌனிலும் இன்ஜின் ரப்பரின் மேல் குலுங்கும்போது பைப் நகரும், கேபிள் நகராது. மவுண்டில் எங்கே கிளாம்ப் இருக்கிறது என்று படம் போடுங்கள்.

டாலஸ்_ஆர்வி9ஏ எழுதியது:

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. விமானத்தை நிறுத்திவிட்டேன். டெஃப்ளான் லைனர் உள்ள புதுக் கேபிள் இரண்டு ஆர்டர் போட்டாயிற்று, த்ராட்டிலுக்கும் சேர்த்து.

பழைய மிக்ஸ்சர் கேபிளைக் கழற்றிப் பளபளத்த இடத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான். லைனர் வட்டமாக இல்லை, எக்ஸாஸ்ட் பார்த்த பக்கம் தடித்துக் கம்பியை ஒரு பக்கமாக நெருக்கியிருக்கிறது. ஒரு சாண் தள்ளி வெட்டினால் கச்சிதமான வட்டம்.

கிளாம்ப் மவுண்டின் கீழ்க் குழாயில் இருக்கிறது. பைப் வலமிருந்து இடம் போவதால் நீள்வது கேபிளுக்குக் குறுக்காகத்தான், இடைவெளி அவ்வளவாகக் குறையாது. ஆனால் குலுக்கல் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

ஷீல்டு எப்படிச் செய்வது? ரெடிமேடாகக் கிடைப்பது நேர்ப் பைப்புக்குத்தான் பொருந்தும் போலிருக்கிறது, என்னுடையது அந்த இடத்தில் வளைவு. புதுக் கேபிள் எவ்வளவு சூடாகிறது என்று எதை வைத்து அளப்பது? கையில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கிறது.

கால்கரி_ராட்டாக்ஸ் எழுதியது:

இடையில் ஒரு குறிப்பு. எங்கள் ஊர்க் குளிரிலும் இந்தப் பிரச்சினை உண்டு, வெளியே மைனஸ் 20 என்றாலும் பைப்பின் சூடு பைப்பின் சூடுதான்.

என்னுடையது ராட்டாக்ஸ் 912, இரண்டு பிங் கார்பரேட்டர். இதில் த்ராட்டில் கேபிள் இழுவைக்கு மட்டும். கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் கார்பரேட்டரை முழுசாகத் திறந்துவிடும், விமானம் முழு பவரில் போகும். ஆனால் கேபிள் சூட்டில் ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்காலும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டில் ஒரு கேபிள் மட்டும் இறுகினால் இரண்டு கார்பரேட்டரும் சமமாகத் திறக்காது, இன்ஜின் நடுங்கும். ஐடிலில் திடீரென்று நடுக்கம் வந்தால் சின்க்ரனைஸ் பண்ணுவதற்கு முன் கேபிள் உறையைத் தடவிப் பாருங்கள் என்று ராட்டாக்ஸ்காரர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

ரெஞ்ச்_அண்ணாச்சி எழுதியது:

கால்கரி தம்பி சொன்னது நல்ல குறிப்பு.

டாலஸ் தம்பி, அந்த இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஸ்டெயின்லெஸின் மேல் நம்பாதீர்கள். பளபளப்பான உலோகம் தன் சூட்டில் கொஞ்சத்தைத்தான் கதிர்வீச்சாக விடும், கருவி அதைப் பார்த்துக் குறைத்துக் காட்டும். அதோடு, கௌலிங்கைக் கழற்றிய பிறகு அளப்பது பறக்கும்போது இருந்த சூடே அல்ல. உங்களுக்கு வேண்டியது டெம்பரேச்சர் ஸ்ட்ரிப். ஸ்டிக்கர் மாதிரி ஒட்டுவது, வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டமும் ஒரு குறிப்பிட்ட சூட்டில் கறுக்கும், கறுத்தது திரும்ப வெளுக்காது. கேபிளின் எக்ஸாஸ்ட் பார்த்த பக்கத்தில் ஒட்டாதீர்கள், அங்கே கதிர்வீச்சு நேராக ஸ்ட்ரிப்பைச் சுடும். பக்கவாட்டில் ஒட்டினால் கேபிளின் சூடு தெரியும். மிக்ஸ்சரில் ஒன்று, த்ராட்டிலில் ஒன்று, கார்ப் ஹீட் கேபிளில் ஒன்று, ஃபயர்வாலுக்குப் பக்கத்தில் ஒன்று. தரையில் ஓட்டிப் பார்த்து, கௌலிங்கைக் கழற்றிப் படித்துவிட்டு, அது சரியாக இருந்தால் ஏர்போர்ட்டை விட்டு விலகாமல் ஒரு சுற்று.

ஷீல்டை நீங்களே செய்யலாம். 0.4 அல்லது 0.5 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகடு வாங்குங்கள். முதலில் அட்டையில் வெட்டி வளைவில் பொருத்திப் பாருங்கள். வளைந்த பைப்புக்கு ஒரே தகடு ஒத்துவராது, ஓரங்களில் விரல் மாதிரி வெட்டுகள் கொடுத்தால் வளையும். ஒவ்வொரு வெட்டின் முனையிலும் சின்னத் துளை போடுங்கள், இல்லையென்றால் அதிர்வில் அங்கிருந்துதான் கிழியும். தகடு பைப்பைத் தொடக் கூடாது. இரண்டு முனையிலும் காலை மடித்து, அந்தக் கால் மட்டும் பைப்பில் உட்கார வேண்டும், நடுவே 8 மி.மீ. அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியில் காற்று ஓடுவதில்தான் ஷீல்டின் பாதி வேலை இருக்கிறது. பளபளப்பான பக்கம் கேபிளைப் பார்த்து இருக்கட்டும். பைப் பார்த்த பக்கம் சீக்கிரமே நிறம் மாறிவிடும், கேபிள் பக்கம் மினுமினுப்பாக இருக்கிறவரை அது விடும் கதிர்வீச்சு குறைவு.

கட்டுவதற்கு ஹோஸ் கிளாம்ப். முழுவதும் ஸ்டெயின்லெஸ் என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும், பட்டை ஸ்டெயின்லெஸாகவும் திருகு துத்தநாகம் பூசிய சாதா இரும்பாகவும் வருவது நிறைய. கடையில் வாங்கும்போது திருகில் காந்தம் வைத்துப் பாருங்கள், பலமாக ஒட்டினால் வேண்டாம். சூடான எக்ஸாஸ்டில் துத்தநாகம் படவே கூடாது. அதே மாதிரி இன்னொன்று: பைப்பில் பென்சிலால் கோடு போடாதீர்கள். சூடேறும்போது கார்பன் உலோகத்துக்குள் போய் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். நிறையப் பேர் அளவெடுக்கும் அவசரத்தில் பென்சிலைத்தான் எடுப்பார்கள். ஸ்லிப் ஜாயின்ட் (ஒரு பைப் இன்னொன்றுக்குள் நழுவும் இணைப்பு), வெல்டு இவற்றின் மேல் ஷீல்டு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கேபிளைப் பிடிக்க மெத்தை வைத்த ஏடல் கிளாம்ப். எக்ஸாஸ்ட் பக்கம் சிலிக்கோன் மெத்தை உள்ளதாகப் பாருங்கள். பிளாஸ்டிக் டை போட்டால் சூட்டில் நொறுங்கிப்போகும், ஒரு நாள் கேபிள் தானாகப் பைப்பின் மேல் படுத்திருக்கும். கடைசிக் கிளாம்ப் மவுண்டில் இருக்கட்டும், ஆனால் அதற்கும் கார்பரேட்டர் பிராக்கெட்டுக்கும் நடுவே இன்ஜின் குலுங்க இடம் கொடுத்து ஒரு மென்மையான வளைவு விடுங்கள், வளைவு மேல்நோக்கி, பைப்பை விட்டு விலகி. போட்டு முடித்ததும் ஒருவரை இன்ஜினைப் பிடித்து அசைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே படுத்துப் பாருங்கள். அதற்கு முன் மேக்னட்டோ (தீப்பொறி தருவது) ஆஃப், மிக்ஸ்சர் கட் ஆஃப், புரொப்பெல்லர் பாதையில் யாரும் நிற்கக் கூடாது.

ஃபயர்வாலைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கேபிள் உள்ளே நுழையும் துளையில் என்ன வைத்திருக்கிறீர்கள்? வெறும் ரப்பர் குரோமெட் என்றால் தீ வந்தால் முதலில் போவது அது, பிறகு சுவாலை உங்கள் காலடியில். அலுமினியத் தகட்டால் மூடினாலும் போதாது, அது 660 டிகிரியில் உருகும், சோதனைச் சுவாலை 1093. எஃகில் செய்த திரும்பும் கோளப் பொருத்தி கிடைக்கிறது, அதைப் போட்டு மிச்ச இடுக்கை ஃபயர் பேரியர் சீலன்டால் அடையுங்கள். புதுக் கேபிள் போடும்போதே செய்தால் மறுபடி கழற்ற வேண்டியதில்லை.

மாட்டிய பிறகு, லீவர் கார்பரேட்டரில் இருக்கும் ஸ்டாப்பை இரண்டு பக்கமும் தொடுகிறதா என்று பாருங்கள். காக்பிட்டில் குமிழ் பேனலை முட்டுவதற்கு முன் கார்பரேட்டரில் லீவர் முட்ட வேண்டும்.

டாலஸ்_ஆர்வி9ஏ எழுதியது:

அண்ணாச்சி, வேலை முடிந்தது. எங்கள் ஈஏஏ (சொந்தமாக விமானம் கட்டுவோர் சங்கம்) சாப்டரின் டெக்னிகல் கவுன்சலர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஷீல்டின் ஒரு மூலை கூராக இருக்கிறது, உருட்டிவிடு என்றார், அது ஒன்றுதான் குறை.

மிக்ஸ்சர் கேபிளை மேலே ஏற்றியதில் இப்போது 70 மி.மீ. கிடைத்தது. ஷீல்டு போடாமல் ஒரு முறையும் போட்டு ஒரு முறையும் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் முதலில் நகர்த்தியதோடு மட்டும் தரையில் நீளமாக ஓட்டிவிட்டு ஏர்போர்ட்டின் மேலேயே ஒரு சுற்று. மிக்ஸ்சர் ஸ்ட்ரிப்பில் 121 டிகிரிக் கட்டம் வரை கறுத்திருந்தது. புது ஸ்ட்ரிப் ஒட்டி, ஷீல்டைப் போட்டு, அதே மாதிரி நாள், அதே பவர்: 88. த்ராட்டில் கேபிளும் 88-இல் நின்றது. குமிழ் சூட்டிலும் வெண்ணெயாக நகர்கிறது. ஃபயர்வாலில் எஃகுப் பொருத்தி போட்டாயிற்று.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. கார்ப் ஹீட் கேபிளின் ஸ்ட்ரிப் 110 காட்டுகிறது. அது எக்ஸாஸ்டிலிருந்து நன்றாகவே தள்ளியிருக்கிறது. பறந்து இறங்கியதும் திறந்து பார்த்தபோது 99 வரைதான் கறுத்திருந்தது, கௌலிங்கை மூடிவிட்டுச் சாப்பிடப் போய் வந்து பார்த்தால் 110. நின்ற பிறகு எப்படி ஏறும்?

ரெஞ்ச்_அண்ணாச்சி எழுதியது:

நல்ல வேலை தம்பி. 88 என்றால் டெஃப்ளானுக்கு அது ஒன்றுமே இல்லை.

நின்ற பிறகுதான் ஏறும். பறக்கும்போது கௌலிங்குக்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்ஜினை அணைத்ததும் காற்று நின்றுவிடும், பைப்பும் சிலிண்டரும் ஆயில் சம்ப்பும் சேர்த்து வைத்திருக்கும் சூடு போக வழியில்லாமல் மேலே கிளம்பும். கார்ப் ஹீட்டின் சூட்டுக் காற்றுப் பெட்டியும் எக்ஸாஸ்டைச் சுற்றிய உறையிலிருந்துதான் காற்று எடுக்கிறது, அதன் கேபிள் முனை அந்த உலோகத்தில்தான் பிடித்திருக்கிறது, சூடு கிளாம்ப் வழியாகவே கேபிளுக்கு நடந்து வரும். நீங்கள் முதலில் எழுதியதை இப்போது பாருங்கள்: எரிபொருள் நிரப்பிவிட்டு மறு ஸ்டார்ட்டில்தானே குமிழ் இறுகியது?

கார்ப் ஹீட் கேபிள் பெரும்பாலும் ஒற்றைக் கம்பியும் சுருளும்தான். லைனர் இருக்கிறதா, இருந்தால் எது என்று விற்றவரிடம் கேளுங்கள். பாலிஎத்திலீன் என்று சொன்னால் 110-இல் ஓட்டாதீர்கள், மாற்றுங்கள். லைனரே இல்லாத உலோகச் சுருள் என்றால் சூட்டால் பயமில்லை. மெத்தை கிளாம்ப் பெட்டியின் உலோகத்தை நேராகத் தொடாமல் ஒரு எஃகு ஸ்பேசர் வையுங்கள், நடந்து வரும் சூடு கொஞ்சம் குறையும்.

டெக்சாஸ் கோடையில் இறங்கியதும் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்துங்கள். கௌலிங்கின் மேலுள்ள ஆயில் கதவைத் திறந்து வையுங்கள், சூடு மேலே போக அது ஒரு புகைபோக்கி. புறப்படும்முன் மூடியதைக் கைவைத்துப் பாருங்கள்.

மனைவியை ஏற்றும்முன் ஒன்று பேசி வையுங்கள். என்ன செய்தாலும் ஒரு நாள் ஏதாவது கேபிள் ஒட்டலாம். த்ராட்டில் ஒட்டினால் அந்தப் பவரிலேயே ஒரு நீளமான ரன்வேயின் மேல் வந்து, இறங்குவது உறுதி என்றானதும் மிக்ஸ்சரை இழுத்து அணைத்துச் சறுக்கி இறங்குங்கள். மிக்ஸ்சரும் நகராவிட்டால் மேக்னட்டோ. ஃபேஸ் 1-இல் உயரத்தில் பவரை ஐடிலுக்கு எடுத்துச் சறுக்கிப் பழகிக்கொள்ளுங்கள், எவ்வளவு தூரம் போகிறது என்று குறித்து வையுங்கள்.

அடுத்த ஆயில் மாற்றத்தில் ஷீல்டு கிளாம்ப்புகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், முதல் சில சூட்டில் அவை தளரும். ஸ்ட்ரிப்புகளை எடுக்காமல் அப்படியே விடுங்கள். 88-க்கு மேல் புதுக் கட்டம் ஏதாவது கறுத்திருந்தால் ஷீல்டு நகர்ந்திருக்கும், அல்லது பைப் எங்கோ கசிய ஆரம்பித்திருக்கும். அப்போது படத்தோடு இங்கே எழுதுங்கள்.